சாமி தலையைச் சுற்றி ஒரு வட்டம்

சாமியின் வேட்டி நாளுக்கு நாள் நீலமாகிக்கொண்டே வந்தது.

ஆடி மாசம் லேசாகத்தான் இருந்தது. நீலம் கொஞ்சம் தூக்கலாகப் போய்விட்டது போல என்று பார்த்தவர்கள் விட்டுவிட்டார்கள். ஆவணியில் வானத்து நிறம் வந்தது. புரட்டாசி பிறந்தபோது பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சீருடைக்கும் சாமியின் வேட்டிக்கும் வித்தியாசம் சொல்ல முடியவில்லை. பஸ் நிறுத்தத்தில் டீக்கடை வைத்திருந்த கோமதி, "சாமி புதுசா ஏதும் கூட்டத்துல சேந்துட்டாகளா?" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் விசாரித்தாள். சாமியிடமே கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.

துவைத்துப் போட்டவர் ஆவுடையப்பன். சாமியின் ஒரே சீடர். சீடர் என்றதும் மீசை முளைக்காத பையனை நினைத்துவிட வேண்டாம். எழுபதைத் தாண்டிய ஆள். சாமியைவிட ஏழெட்டு வயது மூத்தவர். டவுனில் ஜவுளிக்கடை வைத்து ஆயுசுக்கும் வேட்டி விரித்துக் காட்டியவர். சம்சாரம் போன பிறகு கடையை மகன் கையில் கொடுத்துவிட்டு, மலையடிவாரத்தில் ஓட்டு வீட்டில் தனியாக இருந்த சாமியிடம் வந்து சேர்ந்தார். சாமி அவரை "அண்ணாச்சி" என்பார். அவர் சாமியை "சாமி" என்பார், அப்படிச் சொல்லிக்கொண்டே திட்டவும் செய்வார். "சாமியா இருந்தா மட்டும் ஈரத்துண்டைக் கட்டில்ல போடலாமா?" என்று அவர் கத்துவது கீழே ரோடு வரை கேட்கும்.

வெள்ளை விஷயத்தில் மட்டும் ஆவுடையப்பன் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். ஆனால் இந்த வருஷம் என்ன துவைத்தாலும் வேட்டி பழுப்பாகவே தெரிந்தது.

"மஞ்ச அடிக்கே," என்று முணுமுணுத்துக்கொண்டு வாளியில் இன்னும் நாலு சொட்டு நீலம் விடுவார். காய்ந்ததும் எடுத்துப் பார்த்தால் மறுபடியும் மஞ்சள். "கெணத்துத் தண்ணி கெட்டுப்போச்சு," என்று கிணற்றைத் திட்டுவார். அடுத்த தடவை இன்னும் நாலு சொட்டு.

"வேட்டி வெள்ளையா இருக்கா சாமி?"

"பால் மாதிரி இருக்கு அண்ணாச்சி," என்பார் சாமி. அதைக் கட்டிக்கொண்டு ஊருக்குள்ளும் போய் வருவார்.

வேட்டியைவிடப் பெரிய விஷயம் ஒன்று ஆவுடையப்பனின் நெஞ்சுக்குள் இருந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

அவர் இங்கே வந்ததே எதையாவது காண வேண்டும் என்றுதான். ஜபம் செய்தார். உபவாசம் இருந்தார். விடியுமுன் எழுந்து கண்ணை மூடி உட்கார்ந்தார். மூடினால் இருட்டு, திறந்தால் சமையல்கட்டு. வேறு ஒன்றும் தெரிந்தபாடில்லை. சாமியைப் பார்க்க வருகிறவர்கள் ஒளி, நாதம் என்று பேசும்போதெல்லாம் அவர் எழுந்துபோய்க் குழம்பைக் கிண்டிக்கொண்டிருப்பார். வெட்கம் பிடுங்கித் தின்னும்.

போன தை மாசம் ஒரு சாயங்காலம் அது நடந்தது. சாமி விளக்குக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். அவர் தலையைச் சுற்றி ஒரு வட்டம். ஓரத்தில் வானவில் போல மெல்லிய நிறங்கள். ஆவுடையப்பனுக்குக் கையில் இருந்த தம்ளர் நழுவியது. அன்றிலிருந்து தினமும் விளக்கு வைத்ததும் வட்டம் வந்தது. மாசத்துக்கு மாசம் பெரிதாகவும் ஆயிற்று.

அதற்குப் பிறகு அவர் சாமியைத் திட்டுவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. ஈரத்துண்டு கட்டிலில் கிடந்தால் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கொடியில் போட்டார். சாமிக்கு என்னமோ போல் இருந்தது. கேட்டுப் பார்த்தார். "ஒண்ணுமில்ல சாமி," என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார் ஆவுடையப்பன்.

புரட்டாசியில் ஒரு நாள், விளக்கு வைக்கிற நேரத்தில், அவருக்கே பொறுக்க முடியாமல் போயிற்று.

"சாமி, ஒண்ணு கேக்கணும். கோவிச்சுக்கிடக் கூடாது."

"கேக்காம இருந்தாத்தான் கோவிச்சுக்கிடுவேன். கேளுங்க."

"தகுதி இல்லாதவனுக்கும் ஒளி தெரியுமா?"

சாமி திரியைத் தூண்டிக்கொண்டிருந்தார். அவர் விரல் எண்ணெயில் கொஞ்ச நேரம் தடவியது.

"எங்க தெரியுது?"

"உங்க தலையைச் சுத்தி. வட்டமா. தையிலேருந்து."

"இத்தனை நாளா ஏன் சொல்லல?"

"சொன்னாப் போயிருமோன்னு பயம் சாமி. எனக்கு இது ஒண்ணுதான் வந்திருக்கு."

சாமி மூக்கை உறிஞ்சினார்.

"அண்ணாச்சி, உங்க மேல என்ன மருந்து வாசம் வருது?"

"அதுவா? அடுப்பு கையைச் சுட்டுட்டு. கேஸு எரிஞ்சுக்கிட்டு இருக்குன்னே தெரியல சாமி. அந்த நீலத் தீ கண்ணுலயே படல. மேல கையை வச்சிட்டேன்."

"நாளைக்கு டவுனுக்குப் போறோம்."

"எதுக்கு?"

"கண்ணைக் காட்ட."

டவுன் கண்ணாஸ்பத்திரியில் சின்ன வயசு டாக்டரம்மா. ஆவுடையப்பனின் தாடையை ஒரு கருவியில் வைக்கச் சொல்லி, இந்தக் கண் அந்தக் கண் என்று வெளிச்சம் அடித்துப் பார்த்தாள்.

"ரெண்டு கண்ணுலயும் புரை இருக்கு ஐயா. பயப்படாதீங்க. வயசானா முடி நரைக்குதுல்ல, அது மாதிரி கண்ணுக்குள்ள இருக்கிற லென்சும் பழுப்பேறி மங்கிடும்."

"சொட்டு மருந்துக்குக் கரையாதாம்மா?"

"எந்த மருந்துக்கும் கரையாது. யாராவது தேன், வெங்காயச்சாறுன்னு சொன்னா கண்ணுல விட்டுறாதீங்க. உள்ளதும் கெட்டுப்போகும்."

"அப்ப முத்தட்டுமே. முத்தினாத்தான எடுப்பாக?"

"அது அந்தக் காலம். இப்ப முத்த விட்டா உங்களுக்கும் கஷ்டம், எங்களுக்கும் கஷ்டம். அன்றாட வேலைக்கு இடைஞ்சலாயிடுச்சுன்னாலே எடுத்துடலாம். மங்கின லென்ஸை எடுத்துட்டுப் புதுசு ஒண்ணு வைப்போம். மரத்துப்போக மருந்து விட்டுத்தான் செய்வோம், வலிக்காது. முதல்ல ஒரு கண்ணு. அது ஆறினப்புறம் அடுத்தது." அவள் எழுதிக்கொண்டே கேட்டாள். "விளக்கைப் பாத்தா வட்டம் வட்டமா தெரியுதா?"

ஆவுடையப்பனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உங்களுக்கு யாரும்மா சொன்னா?"

"யாரு சொல்லணும்? புரை இருந்தா அப்படித்தான். ஆப்பரேஷன் முடிஞ்சதும் அந்தத் தொந்தரவு போயிடும்."

நல்ல சேதி சொல்லிவிட்ட சந்தோஷம் அவள் முகத்தில். ஆவுடையப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று வெளியே வந்துவிட்டார். கதவு நிலையில் தோள் இடித்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

சாமி மட்டும் உள்ளேயே இருந்தார். அவர் வெளியே வர வெகுநேரமாயிற்று.

"டாக்டரம்மாக்குக் கண்ணைப் பத்தித் தெரியும்," என்றார் ஆவுடையப்பன் பஸ்ஸில். "ஒளியைப் பத்தி என்ன தெரியும்? எனக்கு ஆப்பரேஷனும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்."

சாமி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் பொழுது சாயும் நேரத்தில், "வாங்க அண்ணாச்சி, கோமதி கடையில ஒரு டீ குடிச்சிட்டு வருவோம்," என்று சாமி கிளம்பினார். ஆவுடையப்பனின் தோளில் ஒரு கையை வைத்துக்கொண்டார். தான் விழுந்துவிடாமல் சாமி பிடித்துக்கொண்டு வருகிறார் என்று ஆவுடையப்பனுக்கு உள்ளம் உருகியது. இருவரும் பாதையில் கிடந்த ஒரு கல்லைக்கூட விடாமல் இடறிக்கொண்டு போய்ச் சேர்ந்தார்கள்.

கோமதி டீ ஆற்றிக் கொடுத்தாள்.

"அண்ணாச்சி, கோமதி தலைக்கு மேல ட்யூப்லைட்டு எரியுதுலா? அதைப் பாருங்க."

ஆவுடையப்பன் டீயைப் பார்த்தார்.

"பாருங்களேன்."

"பாத்தாச்சு."

"வட்டம் இருக்கா?"

"இருக்கு."

கடைசி வளைவில் டவுன் பஸ் திரும்பி வந்தது.

"பஸ்ஸுக்கு?"

"ரெண்டு இருக்கு. லைட்டுக்கு ஒண்ணு."

"ரோட்டுக்கு அந்தப் பக்கம்?"

ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒயின்ஷாப். போர்டைச் சுற்றி விளக்கு போட்டிருந்தார்கள். ஆவுடையப்பன் மறுபடியும் டீயைப் பார்த்தார்.

"சொல்லுங்க அண்ணாச்சி."

"எல்லாத்தையும் விட அதுக்குத்தான் சாமி பெருசு," என்று சொன்னவர் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டார். வளர்ந்த மனிதர் அழுவதைப் பார்க்க மாட்டாமல் கோமதி அந்தப் பக்கம் திரும்பி, கழுவின தம்ளர்களையே திரும்பக் கழுவினாள்.

"அப்ப நான் இத்தனை மாசமாக் கும்பிட்டது பொய்யா? சொல்லுங்க சாமி. அது நெசமா, பொய்யா?"

சாமி டீயை ஊதி ஊதிக் குடித்தார்.

"பொய்யாவே இருந்துட்டுப் போகட்டும்," என்றார் ஆவுடையப்பன் மூக்கைத் துடைத்துக்கொண்டு. "உங்க கூட இத்தனை வருசம் இருந்து, கடைசியில ஆண்டவன் ஒண்ணே ஒண்ணு கண்ணுல காட்டினான். அதையும் கத்தியை வச்சு எடுப்பாகன்னா எனக்குக் கண்ணே வேண்டாம்."

"விட்டா முழுசா இருட்டிக்கிடும். அப்புறம் வட்டத்தை எதை வச்சுப் பாப்பிய?"

கிழவர் வீம்பாகத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாமி தம்ளரைக் கீழே வைத்தார். பெஞ்சு முடிகிற இடம் தெரியாமல் வைத்ததில் அது உருண்டு விழுந்தது. கோமதி எடுத்துக்கொண்டு போனாள்.

"ஒண்ணு செய்வோம் அண்ணாச்சி. ஒரு கண்ணை மட்டும் சரி பண்ணுவோம். இன்னொரு கண்ணுல வட்டத்தை வச்சுக்கிடுங்க."

ஆவுடையப்பன் நிமிர்ந்தார். எத்தனை பேரம் பார்த்த ஜவுளிக்கடைக்காரர்! இதில் நஷ்டம் எதுவும் இருப்பதாக அவருக்குத் தெரியவில்லை.

"ரெண்டாவது கண்ணுக்கும் செய்யணும்னு பொறவு என்னைய நச்சரிக்கக் கூடாது."

"மாட்டேன்."

"சத்தியமா?"

"ஏ கோமதி, நீதான் சாட்சி."

"நான் சாட்சி சாமி," என்றாள் கோமதி. எதற்கு என்று அவளுக்குப் புரியவில்லை.

சர்க்கரை பார்த்தார்கள், ரத்த அழுத்தம் பார்த்தார்கள், நாள் குறித்தார்கள். அன்றைக்கு ஆவுடையப்பன் தெரிந்த நாமங்களையெல்லாம் சொல்லிக்கொண்டு உள்ளே போனார். ஒரு வெளிச்சம் தெரிந்தது, யாரோ தண்ணீர் விடுவது போல் இருந்தது. "எப்பம்மா ஆரம்பிப்பிய?" என்று கேட்டார். "முடிஞ்சுது ஐயா," என்றார்கள். கண்ணில் கட்டோடு அன்று ராத்திரி ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தார். கீழே பாய் விரித்து சாமி படுத்திருந்தார்.

காலையில் நர்ஸ் வந்து கட்டை எடுத்தாள். கண்ணைக் கசக்கக் கூடாது, தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது, கனமாக எதையும் தூக்கக் கூடாது, குனியக் கூடாது, சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விட வேண்டும் என்று ஒப்பித்தாள். ஆவுடையப்பன் காதில் பாதிதான் ஏறியது. அவர் அவளுடைய நெற்றிப் பொட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொட்டு இவ்வளவு சிவப்பாகவா இருக்கும்? சுவர் பச்சை. ஜன்னலுக்கு வெளியே ஒரு வேப்பமரம், அதில் இலை இலையாகத் தெரிந்தது. "அடேயப்பா!" என்றார். வேறு வார்த்தை வரவில்லை.

பிறகுதான் சாமியின் நினைவு வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்.

வராந்தா பெஞ்சில் சாமி உட்கார்ந்திருந்தார். மேலே ட்யூப்லைட் எரிந்துகொண்டிருந்தது. ஆவுடையப்பன் முதல் வேலையாகப் புதுக் கண்ணை மூடிக்கொண்டு பழைய கண்ணால் பார்த்தார். வட்டம் இருந்தது. நடுவில் சாமி மங்கலாக, சாந்தமாக, தெய்வம் போல வீற்றிருந்தார். அவருக்கு உயிர் வந்தது.

அடுத்து, பழைய கண்ணை மூடிக்கொண்டு புதுக் கண்ணைத் திறந்தார்.

வட்டம் இல்லை. பெஞ்சில் ஒரு வயசாளி உட்கார்ந்திருந்தார். தாடியில் நேற்றைய உப்புமா ஒட்டிக்கொண்டிருந்தது. வேட்டி...

"சாமி! வேட்டி!"

"வந்துட்டியளா அண்ணாச்சி? வலிக்கா? வேட்டிக்கு என்ன?"

"நீலமால்லா இருக்கு! ஐயோ, சுத்த நீலமா இருக்கே! இதையா கட்டிக்கிட்டு ஊரெல்லாம் போனிய? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நீலமாவா இருக்கு?"

சாமி விளையாடுகிறார் என்று ஆவுடையப்பன் நினைத்தார். சாமி விளையாடவில்லை. வேட்டி நுனியைத் தூக்கி மூக்குக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தலையை இப்படியும் அப்படியும் சாய்த்து மெய்யாகவே தேடிப் பார்த்தார். "வெள்ளையாத்தான இருக்கு," என்றார்.

அப்போதுதான் ஆவுடையப்பன் மற்றதையும் பார்த்தார். வேட்டியைப் பிடித்திருந்த விரல் நுனிகளில் கருத்துப்போன சூட்டுக் காயங்கள், பழசும் புதுசுமாக. முழங்காலுக்குக் கீழே இடித்து இடித்துத் தோல் உரிந்த தழும்புகள். இடது காலில் சாமியின் செருப்பு. வலது காலில் இருந்தது ஆவுடையப்பனுடையது.

அவர் புதுக் கண்ணை மூடினார். வட்டம் தெரிந்தது, காயம் தெரியவில்லை. திறந்தார். காயம் தெரிந்தது.

"இது என்ன சாமி, கையெல்லாம்?"

"திரி தூண்டும்போது பட்டிருக்கும்."

"உங்களுக்கும் புரை இருக்கா?"

சாமி வேட்டியைக் கீழே விட்டார். "இருக்கு."

"டாக்டரம்மாக்குத் தெரியுமா?"

"அன்னைக்கே பாத்துட்டாங்க. என்னோடது உங்களதைவிடப் பெருசாம்."

"உங்களுக்கு அறிவு இருக்கா?" வராந்தாவில் போனவர்களெல்லாம் நின்று திரும்பினார்கள். ஆவுடையப்பன் லட்சியம் செய்யவில்லை. "கெணத்தடியில தண்ணி எறைக்கிற ஆளு! கால் தவறி உள்ள விழுந்திருந்தா? நானும் குருடு, நீங்களும் குருடு, சத்தம் போட்டாக்கூட எந்தப் பக்கம்னு ஓடி வருவேன்? கூட இருக்கிறவன்கிட்ட இதைக்கூடச் சொல்லாம என்ன பெரிய சாமி?"

கண்ணீர் மளமளவென்று இறங்கியது. "கண்ணைக் கசக்காதீங்க ஐயா!" என்று நர்ஸ் உள்ளேயிருந்து கத்தினாள்.

சாமியின் முகம் மலர்ந்திருந்தது. "நீங்க என்னையத் திட்டி எத்தனை மாசமாச்சு அண்ணாச்சி," என்றார்.

"பேச்சை மாத்தாதீங்க. ஏன் சொல்லல?"

"ரெண்டு பேரும் ஒண்ணா கண்ணைக் கட்டிக்கிட்டா வீட்டுக்கு எப்படிப் போய்ச் சேருவோம்? யாருக்கு யாரு சொட்டு மருந்து விடுதது? ஒருத்தருக்காவது வெளிச்சமாகட்டும்னு பாத்தேன். நீங்கதான மூத்தவரு."

ஆவுடையப்பனுக்கு அதற்குமேல் கோபிக்கத் தெரியவில்லை. கீழே குனியப் போனவர், குனியக் கூடாது என்பது நினைவுக்கு வந்து, தன் காலாலேயே தன் செருப்பைச் சாமியின் காலிலிருந்து கழற்றி, தன் காலில் கிடந்த சாமியுடையதை மாட்டிவிட்டார். தாடியிலிருந்த உப்புமாவைத் தட்டினார். சாமியின் கையைப் பிடித்தார்.

"எந்திரிங்க. இப்பவே உங்களுக்கும் நாள் குறிப்போம். மருந்து விட நான் இருக்கேன். ஒண்ணு முடிஞ்சதும் அடுத்ததுன்னு ரெண்டு கண்ணுக்கும் சேத்தே சொல்லிருவோம். எனக்கும் அந்த இன்னொண்ணை எடுத்துரட்டும். உங்களை ஒழுங்காப் பாத்துக்கிட எனக்கு ரெண்டும் வேணும்."

சாமி எழுந்தார். கொஞ்ச தூரம் கூடவே நடந்து வந்தவர் டாக்டரம்மாவின் அறை வாசலில் நின்றுவிட்டார்.

"எனக்கு ஒரு கண்ணு மட்டும் போதும் அண்ணாச்சி."

"அது என்ன ஒரு கண்ணு? நான் விட்டாலும் நீங்க விட மாட்டியளோ? அந்தக் கண்ணுல அப்படி என்ன வச்சிருக்கிய?"

சாமி ஆவுடையப்பன் நின்ற திசையைப் பார்த்தார். அவருக்குப் பின்னால் வராந்தா விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"நீங்க வாய் விட்டுச் சொல்லிட்டிய, நான் சொல்லல," என்றார் சாமி. "உங்க தலையைச் சுத்தியும் ஒண்ணு இருக்கு அண்ணாச்சி."